குடை எடுத்துக்கொண்டு போன பையன்

எழுதுகிறவர்கள் நம் வயதில் மேடை ஏறினால் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். எப்போது எழுதுவீர்கள், யாரைப் படித்து எழுத வந்தீர்கள், புதிதாக எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள். போன மாதம் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் என்னை உட்காரவைத்து இதையெல்லாம் வரிசையாகக் கேட்டார்கள். காலையில் எழுதுவேன், கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தினமும் எழுதிப் பழகுங்கள் என்று நானும் வரிசையாகச் சொன்னேன். போர்த்திய பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்ப இருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"உங்க அப்பாவோட கடைசித் தொடர் ஆரம்பத்துல அவ்வளவு நல்லா இருக்கு மேடம். பாதிக்கு மேல ஏன் அப்படிச் சப்புனு போயிடுச்சு?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் எழுதிய கட்டுரைகளைத்தானே அவள் படித்திருப்பாள். உங்களில் ஒருவர் அந்தத் தொடரின் பின்பாதிக்குக் 'குடைப் புராணம்' என்று பெயர் வைத்தார். பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அரைப் பக்கம் ஒரு பையன் குடையைத் தேடுகிறான், கிடைத்ததும் பள்ளிக்கூடம் போகிறான், அத்தியாயம் முடிந்தது என்று நீங்கள் கிண்டலடித்தபோது நானும் உங்களோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. அந்த இடத்தில் எனக்கு எதுவும் வருவதில்லை. வெகு நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி அது மரத்துப் போய்க் கிடக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களுக்காவது விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நாமெல்லாம் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு எழுத்துதான் வேலை. ஆபீசுக்குப் போகிறவர்கள் போல அவர் கூடத்தின் மூலைக்குப் போவார். இரண்டாவது காபி குடித்து, ஒரு சிமிட்டா மூக்குப்பொடி போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சாய்வான மரப்பலகையை மடியில் வைத்துக்கொள்வார். மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி வைப்பது அம்மா. யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் போன பிறகு, அச்சுக்கூடத்தில் திருத்திக் கழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுமுன் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஜபம் செய்வதாக நினைப்பார்கள். அந்தப் பலகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மூக்குப்பொடியும் மையும் கலந்த அதன் வாசனை மட்டும் எனக்குத் தெரியும்.

கூடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. எழுத்தாளராக ஆசைப்பட்ட வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் வந்து உட்காருவார்கள். அப்பா அவர்களுக்குச் சொல்கிற யோசனை எப்போதும் ஒன்றுதான்.

"ஜனங்களுக்கு யாரை ரொம்பப் பிடிச்சிருக்கோ, அவனை எடுத்துடுங்கோ. கெட்டவனைக் கொன்னு என்ன பிரயோஜனம்? நல்லவன் போனாத்தான் கதை நிக்கும்."

அவர்கள் தலையாட்டுவார்கள். அப்பாவின் தொடர்களில் அப்படித்தான் நடக்கும். ஒன்றில் மூத்த மருமகள், ஒன்றில் பாடகி, ஒன்றில் பசு. ஒவ்வொரு சாவுக்கும் பத்திரிகைக்குக் கடிதங்கள் குவியும், சந்தாவும் ஏறும். புதுத் தொடர் தொடங்கினால் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏன்னா, இந்தத் தடவை யாரு?" என்ன காய் நறுக்கட்டும் என்று கேட்கிற அதே குரல்.

கடைசித் தொடரில் அது ஒரு பையன். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுப் பிரிந்துவிடுகிறார்கள். அவர் மயிலாப்பூரில், அவள் தியாகராய நகரில் அண்ணன் வீட்டில். பையன் இரண்டு வீட்டுக்கும் நடுவே அலைகிறான். கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, அவன் படுக்கையருகே இருவரும் சேர்வார்கள், பையன் போய்விடுவான். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெஞ்சு வாலிபர்களுக்கும் தெரியும். பத்திரிகை ஆசிரியருக்குத் தெரிந்து, இப்போதே கண் கலங்குகிறது என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பையனுக்கு முகம் வேண்டுமே. அப்பா அதிகம் தேடவில்லை, என் தம்பியை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. தலையில் இரட்டைச் சுழி. எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பான். சோறு தீர்ந்துபோச்சு என்றாலும் "அப்புறம்?" கதைப் பையனுக்கும் இரட்டைச் சுழி, அவனும் "அப்புறம்?" தெருவில் எல்லோரும் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். எதிர்வீட்டு மாமி என் தம்பியைக் கதைப் பையனின் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தாள். தம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை. தன்னைப் பற்றி அச்சில் வருகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வந்தான்.

அந்தக் கோடையில்தான் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானது. உங்களில் பாதிப் பேர் அப்போது ரயில் ஜன்னல் வழியாகத் திணிக்கப்பட்டு எங்கோ மாமா வீட்டுக்குப் போயிருப்பீர்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவாகப் பூட்டு விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். வெயிலில் அந்தப் பசை புளித்து நாறும். எதிர்வீட்டு மாமி கும்பகோணம் பக்கத்தில் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். போகும்போது தம்பியின் கன்னத்தைக் கிள்ளி, "நாலு நாள்ல வந்துடுவேன், அதுக்குள்ள கதையை முடிச்சுடச் சொல்லாதே உங்கப்பாவை" என்றாள்.

நாங்களும் மூட்டை கட்டினோம். கட்டிய அன்று தம்பிக்குக் காய்ச்சல். வெயில் என்றார்கள், பல் என்றார்கள், பிறகு டாக்டர் வந்து டைபாய்டு என்றார். அசைக்கக் கூடாது. கட்டிய மூட்டைகளை அப்படியே சுவரோரம் வைத்துவிட்டு நாங்கள் இருந்துவிட்டோம். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு புகைந்தது. பகலில் காக்கைச் சத்தமும், எப்போதாவது பழகுவதற்காக ஊதும் அபாயச் சங்கும்தான். பெஞ்சில் யாரும் இல்லை.

அந்த நாளில் டைபாய்டுக்கு மருந்து கிடையாது. மூன்று வாரம் தாண்டினால் பிழைப்பான் என்பதுதான் மருந்து. நெற்றியில் ஓடிகொலோனில் நனைத்த துணி, தலையில் ஐஸ் பை, குடிக்கப் பார்லித் தண்ணீரும் சாத்துக்குடிச் சாறும். கெட்டியாக ஒரு பருக்கை உள்ளே போனால் குடல் ஓட்டையாகிவிடும் என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் பட்டினி போட்டிருக்க வேண்டியதில்லை என்று இப்போதைய டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் காலத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் பசியோடு படுத்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனுஷர், பட்டணத்தை விட்டு ஓடாமல் இருந்தவர். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

காய்ச்சல் சற்றுத் தணிகிற நேரங்களில் தம்பிக்குப் பசிக்கும். "அம்மா, ஒரே ஒரு அப்பளம்மா." அம்மா, "டாக்டர் மாமா கூடாதுன்னுட்டாரேடா கண்ணா" என்பாள். "அப்புறம்?" என்பான். "அப்புறம் தருவேன்." நாங்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். அப்பளம் பொரிப்பதை அம்மா நிறுத்தினாள், வாசனை போகும் என்று. பிறகு தாளிப்பதையும் நிறுத்தினாள். தாளிக்காத ரசத்தை ஊற்றிப் பிசைந்து, சத்தம் வராமல் விழுங்கினோம்.

தொடர் மட்டும் நிற்கவில்லை. அச்சுக்கூடத்திலிருந்து வாராவாரம் பாய் வருவார். எழுத்துக் கோக்கிறவர். ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால், அச்சுக்குப் போக வேண்டிய தாள்களை, அவர் சொல்கிற மேட்டரை, வாங்க அவரே ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு, காதில் பென்சில். டாக்டரை விட்டால், நாங்கள் வாயைத் திறந்து பேச அந்தத் தெருவில் வந்த வெளி ஆள் அவர்தான்.

"இன்னா சாமி, மேட்டர் ரெடியா? பையன் எப்டி கீறான்?"

ஒருமுறை தம்பியின் பெயருடைய முதல் எழுத்தை ஈயத்தில் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி இருந்தது. "தப்பா இருக்கே பாய்" என்றான் தம்பி. "அச்சுல வுழுந்தா சரியாய்டும் நைனா" என்றார் பாய். தம்பி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அதுவும் இப்போது எங்கே என்று தெரியாது.

கதையில் பையனுக்குக் காய்ச்சல் வர வேண்டிய இடம் வந்தது. அப்பா தம்பியின் கட்டிலருகே பலகையோடு உட்கார்ந்து எழுதினார். உதடு வெடித்திருப்பது, விரல்கள் போர்வையைப் பிய்ப்பது, ஐஸ் உருகிக் காதோரம் வழிவது எல்லாம் அப்படியே கதைக்குள் போயின. அந்த மூன்று அத்தியாயங்களை நீங்கள் எல்லோருமே புகழ்ந்திருக்கிறீர்கள். என் மாமா பின்னாளில் வந்து, "பெத்த பிள்ளை படுத்திண்டிருக்கான், பக்கத்துல உக்காந்து கதை எழுதினவன்தானே இவன்" என்று அப்பா காதுபடவே சொன்னார். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டிலருகே உட்கார அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். வெறுங்கையோடு அவர் ஒரு நிமிஷம்கூட அங்கே உட்கார்ந்ததில்லை, முடியவில்லை.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் ஐஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன்னா, இவனை எடுக்கப்படாது" என்றாள்.

"யாரை?"

"கதையில. பசு செத்ததா எழுதினேள், நம்ம ஆத்துப் பசு செத்துது."

"பாடகி செத்தா, ஒருத்தியும் சாகலையே. ஒரு வீட்டையே எரிச்சேன், நம்ம ஓலைத்தட்டி கூடப் பொசுங்கலையே."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. பசு செத்துதோல்லியோ?"

அப்பாவுக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. இருந்தாலும் அன்று அவர் சிரிக்கவில்லை. "ஆசிரியர் ஒத்துக்கணுமே. வாசகாள்லாம் அதுக்குத்தான் காத்துண்டிருக்கா" என்றார். அம்மா ஐஸை உடைக்கப் போனாள். இடிக்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

முடிவு செய்தது தம்பி. மூன்றாவது வாரம். குரல் மிகவும் மெலிந்துவிட்டது. அப்பாவின் பலகையைப் பார்த்து, "அப்பா, அவனுக்கு ஜுரம் விட்டுடுத்தா?" என்றான்.

அப்பா பேனாவை நிறுத்தினார். பின்பு, "விட்டுடுத்துடா" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம்... எழுந்து உக்காந்துக்கறான்."

"சாதம் போடுவாளா?"

"போடுவா."

"ரசமா?"

"ரசம்தான். சூடா."

"அப்பளம்?"

"ரெண்டு."

"நாலு" என்றான் தம்பி. "ஒண்ணை நொறுக்கி சாதத்துல போட்டுக்கட்டும். ஒண்ணைக் கையில வெச்சுக்கட்டும். நெய் விடச் சொல்லு." அப்பா அவன் சொல்லச் சொல்ல எழுதினார். வாய்க்குள் சொல்லிப் பார்க்காமல் அப்பா எழுதி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மாவடுவைத் தம்பி மறந்துவிட்டான், பிறகு ஞாபகம் வந்து அதையும் சேர்க்கச் சொன்னான். அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. பையன் பிழைத்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தம்பி போய்விட்டான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். யாரும் கத்தி அழவில்லை. அழுதால் வந்து நிற்க அந்தத் தெருவில் யாரும் இல்லை, அதனாலோ என்னவோ. நான் ஐஸ் பையிலிருந்த தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டுப் பையைக் காயப் போட்டேன். யார் சொல்லிச் செய்தேன் என்று தெரியவில்லை.

மாலையில் பாய் வந்தார். "இன்னா சாமி, மேட்டர்..." என்று ஆரம்பித்தவர் கூடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவிலும் பூட்டு. சடங்கு செய்துவைக்கிற எங்கள் குடும்ப வாத்தியாரும் ஊரில் இல்லை. கோயில் பக்கத்திலிருந்து வயதான ஒருவர் மட்டும் வந்திருந்தார். அப்பா தம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"ஒண்டியா எப்டி போவீங்க? நா வரேன் சாமி."

அப்பா தலையசைத்தார். வந்திருந்த பெரியவரும் தடுக்கவில்லை. மூன்று பேரும் காலித் தெருவில் நடந்து போனார்கள். பாய் செருப்பைக் கழற்றி எங்கள் வாசலில் விட்டுப் போயிருந்தார். அவர்கள் திரும்பும்வரை நான் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து, அப்பா குளித்துவிட்டு வந்தபோதும் பாய் வெளியே நின்றுகொண்டிருந்தார். மேட்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை. போவதற்கு உத்தரவு கேட்பதுபோல் நின்றார். அம்மாதான் உள்ளேயிருந்து வந்து பலகையிலிருந்த தாள்களை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"குடுத்துடுங்கோ."

"இதையா?" என்றார் அப்பா.

"அவன் சாப்பிடறது இருக்கோல்லியோ இதுல. குடுத்துடுங்கோ."

இரண்டு வாரம் கழித்து அது இதழில் வந்தது. கதைப் பையன் எழுந்து உட்கார்ந்து நாலு அப்பளத்தோடு ரசம் சாதம் சாப்பிட்டான். பசித்தவன் சாப்பிடுவதைத் தமிழில் யாரும் இவ்வளவு ருசியாக எழுதியதில்லை என்று நீங்கள் எழுதியது அதைத்தான்.

குண்டு விழவில்லை. ஜனங்கள் மெல்லத் திரும்பினார்கள், ஒவ்வொரு பூட்டாகத் திறந்தது. எதிர்வீட்டு மாமி வண்டியிலிருந்து இறங்கியவள் தன் வீட்டுக் கதவைக்கூடத் திறக்காமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தகர டப்பா. நாங்கள் உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் எழுதியிருந்தோம். சிதறிப் போன தெருக்காரர்களின் விலாசம் யாருக்குத் தெரியும்? மாமிக்கு ஊரில் இருந்தபடி எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது பத்திரிகைதான். பையனுக்குக் காய்ச்சல் என்று படித்ததும் எங்கள் பையனுக்குத்தான் என்று கண்டுகொண்டாள். பையன் பிழைத்துச் சாப்பிட்டான் என்று படித்ததும் ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, உட்கார்ந்து அப்பளம் இட்டிருக்கிறாள்.

"எங்கேடி என் பிள்ளை? நாலு அப்பளம் கேட்டானாமே படவா! நானூறு இட்டுண்டு வந்திருக்கேன். கூப்பிடு அவனை. இப்போ நன்னா சாப்பிடறானோன்னோ?"

அம்மா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிடறான் மாமி" என்றாள். பிறகு, "கதையில" என்றாள்.

மாமிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. சுவரோரம் இன்னும் பிரிக்காமல் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மட்டுமில்லை. அந்த மாதம் முழுக்க ஒவ்வொருவராக வந்தார்கள், சிரித்துக்கொண்டே படியேறி, "எங்கே உங்க கதாநாயகன்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நானே வாசலில் நின்று, அவர்கள் படியேறுமுன் சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா அத்தோடு தொடரை முடித்துவிட நினைத்தார். பலகையை எடுப்பார், பேனா மையில் நனையும், காயும். இதற்கிடையே ஆசிரியர் ஓர் ஆளை அனுப்பினார். நடந்ததற்கு மிகவும் வருத்தமாம். ஆனால் கதைக்கு இப்போது மறுபடி காய்ச்சல் திரும்பி வந்து, ஆரம்பத்தில் திட்டமிட்ட முடிவுக்கே போனால் இயற்கையாக இருக்கும் என்று அபிப்பிராயப்பட்டாராம். மனுஷர் கெட்டவர் இல்லை. கதை தெரிந்தவர்.

வந்த ஆள் போனதும் அம்மா கூடத்துக்கு வந்தாள். "அவன் மேல கை வெச்சேள்னா நான் இந்த ஆத்துல இருக்க மாட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்கு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான்." நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொன்னது எனக்கு அன்று வலிக்கவில்லை. எப்போதாவது இப்போது வலிக்கிறது.

இனிமேல்தான் உங்கள் குடைப் புராணம். காலையில் அப்பா பலகையோடு உட்காருவார். அம்மா காபியை வைத்துவிட்டுப் போகாமல் நிற்பாள்.

"இன்னிக்கு என்ன பண்றான்?"

"பள்ளிக்கூடம் போறான்."

"வானம் கறுத்திண்டிருக்கே. குடை?"

"எடுத்துண்டு போறான்."

"போன வாரம் மாமா ஆத்துல வெச்சுட்டு வந்துட்டானே."

"தேடி எடுத்துண்டு போறான்" என்பார் அப்பா. அதை எழுதுவார். சாந்தோம் கடற்கரையில் நண்டு பிடிக்கப் போகட்டும் என்பாள், போவான். அலைக்கிட்டப் போகப்படாது என்பாள், போகமாட்டான். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வான், பல் விழும், முளைக்கும். வாரா வாரம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தார்களா என்பதைக்கூட அப்பா மறந்துவிட்டார். கதையில் ஏதாவது நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அதைத்தானே சொல்லிக் கொடுத்தார்? வாலிபர்கள் வருவதை நிறுத்தினார்கள். கடிதங்கள் நின்றன. தொழில் தெரிந்த மனிதர், தெரிந்தே, வாரம் ஒரு அத்தியாயமாகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. குடை தேடிய அந்த அரைப் பக்கத்தைத்தான் நான் அவர் அழுகையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

யாரைப் படித்து எழுத வந்தாய் என்று கேட்டால் அப்பா பெயரைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் பேனாவை எடுக்கும்போது எனக்குக் கேட்பது அம்மா காபியோடு நின்று கேட்ட கேள்விதான். இன்னிக்கு என்ன பண்றான்? அதற்குப் பதில் தெரிந்தால் எழுதுகிறேன், தெரியாவிட்டால் மூடிவைத்துவிட்டு வெந்தயம் ஊறவைக்கப் போகிறேன். கல்லூரியில் இதைச் சொல்லியிருந்தால் பொன்னாடையைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஆசிரியரிடமிருந்து தகவல் வந்தது. காகிதம் இன்னும் குறைகிறது, இதழ் பாதியாகிறது, தொடரை அடுத்த வாரம் முடித்தே ஆக வேண்டும். சாவு வேண்டாம், எப்படி வேண்டுமானாலும் முடியட்டும்; முடிந்தால் போதும். அப்பா அன்று முழுவதும் எழுதவில்லை. மறுநாள் அம்மா வழக்கம்போல் நின்றாள்.

"இன்னிக்கு என்ன பண்றான்?"

"பள்ளிக்கூடம் போறான்" என்றார் அப்பா.

"குடை?"

"மழை விட்டுடுத்தே."

அம்மா யோசித்தாள். "எடுத்துண்டே போகட்டும்" என்றாள்.

கடைசி அத்தியாயம் ஒன்றரைத் தாள்தான். பையன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடி திரும்புகிறான், அவ்வளவுதான். அந்த இதழ் உங்களில் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், தொடர்கதை என்றால் கடைசியில் இருக்க வேண்டிய 'முற்றும்' அதில் இருக்காது. அச்சுக் கோத்தவர் மறந்துவிட்டார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆசிரியரும் அப்படித்தான் நினைத்து அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்தார். பாய் வேலையில் ஒரு எழுத்து விட்டவர் இல்லை. அப்பாவும் அந்த வார்த்தையை எழுதத்தான் செய்தார், கைப்பழக்கம்.

பாய் வந்தபோது தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது அம்மா. நான் அவள் பின்னால் நின்றேன். அவள் தாளைக் கொடுத்தாள், ஆனால் விடவில்லை. கட்டை விரல் கடைசி வரிக்குக் கீழே இருந்தது.

"பாய், இதைப் போடாதீங்கோ."

பாய் குனிந்து பார்த்தார். "அது இல்லாங்காட்டி எப்டிம்மா? முட்ஞ்சிச்சின்னு படிக்கிறவனுக்குத் தெரிய வாணாமா? அடுத்த வாரம் பையனக் காணோமேன்னு தேடுவாங்க."

"தேடட்டுமே" என்றாள் அம்மா. "நான் ஒருத்தியேவா தேடிண்டிருக்கணும்?"

பாய் நிமிர்ந்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, தாளை எங்கள் வாசற்சுவரில் வைத்து, அந்த வார்த்தையை அடித்தார்.